நோயுற்ற சகோதரியிடம் எந்த வார்த்தையைச் சொல்லித் திடப்படுத்துவது?

கேள்வி
எழுதியவர்: பாறசாலைச் சகோதரி

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நான் களியக்காவிளையைத் தாண்டிக் கேரளப் பக்கத்தில், பாறசாலைக்கு அருகில் வசிக்கிறேன். எங்கள் வீடுகளில் பேசுவது தமிழ். பிள்ளைகள் பள்ளியில் படிப்பது மலையாளம். சபையில் ஆராதனை இரண்டிலும் நடக்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று சந்திக்கும் பொறுப்பை இந்த ஆண்டு என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பொறுப்பை ஏற்றதும் முதலாவதாக என் முன் வந்து நிற்கும் ஒரு காரியத்தைப் பற்றி உங்கள் ஆலோசனையைக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார். முந்திரி ஆலையில், எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் அண்டி ஆபீஸில், இளம்வயதிலிருந்து வேலை செய்தவர். பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவர். கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். விடியுமுன் இறங்கினால் வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவார், மழை பிடித்துவிட்டால் வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்து, திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. என்னும் மண்டலப் புற்றுநோய் மையத்தில் கீமோ சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது.

தொடக்கத்தில் அந்த வீட்டுக்குப் பலர் ஜெபிக்கச் சென்றார்கள். அவர்களுடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒருவர், "அறிக்கையிடாத பாவம் ஏதேனும் இருக்கிறதா என்று உன்னை நீயே ஆராய்ந்து பார்" என்று சொல்லியிருக்கிறார். இன்னொருவர், விசுவாசம் முழுமையாக இருந்தால் மருந்தே தேவைப்படாது என்றாராம். மூன்றாமவர், இதே நோயில் மரித்துப்போன தம் உறவினரின் கடைசி நாட்களை விவரமாகச் சொல்லிவிட்டு, "நீங்கள் தைரியமாக இருங்கள்" என்று முடித்திருக்கிறார். இதற்குப் பிறகு அக்கா, இனி ஜெபிக்க யாரும் வர வேண்டாம் என்று மகளிடம் சொல்லி அனுப்பிவிட்டார். போதகர் வரலாம் என்றும், விருப்பமிருந்தால் நான் வரலாம் என்றும் மட்டும் சொல்லியிருக்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு நான் போக நினைக்கிறேன். "ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியிருப்பதை நாம் கட்டளையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அந்தக் கட்டளையை, ஏற்கெனவே வார்த்தைகளால் காயப்பட்ட ஒருவரிடம் எப்படி நிறைவேற்றுவது? என்ன சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் தெளிவாக எழுதினால் எனக்கு மிகுந்த உதவியாக இருக்கும்.


பதில்
எழுதியவர்: நெய்யாற்றின்கரை நர்ஸ்

அன்புச் சகோதரிக்கு ஸ்தோத்திரம். நான் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் பிரிவில், அதாவது கடும் நோயுள்ளவர்களின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்புப் பிரிவில், வீடு வீடாகச் செல்லும் நர்ஸ். நீங்கள் குறிப்பிட்டதைப் போன்ற வீடுகளுக்குள்தான் என் வேலை நாள் முழுவதும் கழிகிறது.

முதலில், நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய ஒரு காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கீமோ மருந்து ஏறிய பிறகு சில நாட்களில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்துவிடும். அந்த நாட்களில் சாதாரணச் சளிகூட அவருக்கு ஆபத்தாக மாறலாம். ஆகவே கூட்டமாக யாரும் வரக்கூடாது என்று மருத்துவமனையிலேயே அறிவுறுத்துவார்கள். அக்கா எல்லாரையும் வேண்டாம் என்றதில் மனவருத்தம் பாதி, உடல்நிலை பாதியாக இருக்கலாம். சபையில் யாராவது இதைக் குறையாகப் பேசினால் நீங்கள் இந்த விவரத்தை எடுத்துச் சொல்லுங்கள். அதுவே அந்த அக்காவுக்கு நீங்கள் செய்யும் முதல் உதவியாக இருக்கும். உங்களுக்கு ஜலதோஷமோ இருமலோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பைத் தள்ளிவையுங்கள்.

வீட்டிலேயே நோயாளியைப் பராமரிக்கும் முறை கேரளத்தில் வேரூன்றியது, 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்களும் தன்னார்வலர்களும் தொடங்கிய முயற்சியிலிருந்துதான். 2008இல் மாநில அரசு அதற்கென ஒரு கொள்கையையே வகுத்தது. அதன் பிறகு ஊராட்சிதோறும் எங்களைப் போன்றவர்கள் வீடுகளுக்குச் செல்கிறோம். எங்களுக்கான பயிற்சியில் ஒரு வாக்கியத்தை வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிடுவார்கள்: "ஒன்றும் ஆகாது, எல்லாம் சரியாகிவிடும்." சொல்பவருக்கு அது ஆறுதல், கேட்பவருக்கோ அத்துடன் பேச்சு அடைபட்டுவிடுகிறது. தன் பயத்தைச் சொல்லத் தொடங்கியவர், வந்தவர் மனம் நோகக்கூடாதே என்று புன்னகைத்து, "ஆமாம்" என்று சொல்லிவிட்டு, இரவில் தனியாக அழுவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

அதற்குப் பதிலாகக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். "இப்போது உங்களை அதிகமாக வருத்துவது எது, அக்கா?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பதில் உடனே வராது. அந்த இடைவெளியை வசனத்தாலோ பாட்டாலோ நிரப்பிவிடாதீர்கள். வரும் பதில் பெரும்பாலும் நாம் எதிர்பார்த்ததாக இருப்பதில்லை. சங்கத்தில் வாங்கிய கடனைப் பற்றிக் கவலைப்படுவார்கள். மகளின் படிப்பு நின்றுவிடுமோ என்பார்கள். தலைமுடி கொட்டியதால் கண்ணாடியைப் பார்க்க வெட்கமாயிருக்கிறது என்பார்கள். கணவருக்குச் சோறு பொங்கிக் கொடுக்க முடியவில்லையே என்று அழுவார்கள். மரணத்தைக் குறித்துப் பேச்சு வந்தால், அதற்கு அவர்களே நேரம் தெரிந்துகொள்வார்கள்.

உண்மையான ஒரு தகவல், ஏற்ற நேரத்தில் சொல்லப்பட்டால், அதுவே பெரிய திடமாகிவிடும். கீமோவினால் கொட்டிய முடி, சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். வாந்தியைக் கட்டுப்படுத்த மருந்து உண்டு. பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வலி கூடினால் அதற்கும் மருந்து உண்டு. வலியைச் சகித்துக்கொள்வதுதான் விசுவாசம் என்று யாரும் அவரை நினைக்க வைத்துவிடக்கூடாது. இவை எல்லாம் அவருக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கலாம், ஆனால் மருத்துவமனையின் நெரிசலில் கேட்டது மனதில் நிற்பதில்லை.

வேதத்தில் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன இடத்தை எண்ணிப் பாருங்கள். தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டான், தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து எழுப்பினான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பி, பிரயாணம் வெகுதூரம் என்று சொல்லிச் சாப்பிட வைத்தான். தேவன் எலியாவோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். நாற்பது நாள் நடக்க வேண்டியவனுக்கு முன்னால் வைக்கப்பட்டது சுடச்சுட ஓர் அடை என்பதை, கஞ்சிக் கலயத்துடன் ஒரு வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன்.


பதில்
எழுதியவர்: நட்டாலம் ஆசிரியர்

சகோதரி, அந்த அக்காவிடம் சொல்லப்பட்ட முதல் இரண்டு வார்த்தைகளும் வேதத்துக்கே விரோதமானவை என்பதால், அவற்றைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டபோது, இருவரும் அல்ல என்று இயேசு வெளிப்படையாக மறுத்தார். நோய்க்குக் காரணமான பாவத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை அவர் சீஷர்களின் கையிலிருந்தே எடுத்துவிட்டார் என்றுதான் நான் அந்தப் பகுதியை வாசிக்கிறேன். மருந்து வேண்டாம் என்பதும் அப்படியே. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் அருந்தச் சொல்லி எழுதியவர் பவுல். துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று எழுதியவரும் அவரே. துரோப்பீமுவின் விசுவாசக் குறைவைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை. தமக்கிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது நீங்காமல், "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலைப் பெற்ற மனிதரிடம், உமக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்லத் துணிவார்கள்?

எங்கள் ஊர் வரலாற்றிலேயே உங்கள் கேள்விக்கு நெருக்கமான ஒரு நிகழ்ச்சி உண்டு. நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம், முதன்முதலில் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டது ஒரு பிரசங்க மேடையிலிருந்து அல்ல. அவர் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். கால்நடைகள் இறந்தும், விளைச்சல் பொய்த்தும், குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்தும் அவர் மனம் சோர்ந்திருந்தபோது, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தளபதியாக இருந்த டிலனாய் அவருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார் என்பதே வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி.

இதில் நான் கவனிக்கும்படி வேண்டுவது, சொன்னவர் யார் என்பதையும், சொன்ன கதை எது என்பதையும். டிலனாய் 1741இல் குளச்சல் போரில் தோற்று மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டவர். சொந்த நாட்டுக்குத் திரும்பாமலே வாழ்ந்து, இன்று தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறையில் இருப்பவர். எல்லாவற்றையும் இழந்த ஒருவர், இழந்துகொண்டிருந்த ஒருவருக்குச் சொன்ன வார்த்தை அது. அவர் தெரிந்தெடுத்த கதையோ, ஆறுதல் சொல்ல வந்தவர்களையே தேவன் கடிந்துகொண்ட கதை. எலிப்பாசும் பில்தாத்தும் சோப்பாரும் ஏழு பகலும் ஏழு இரவும் யோபுவோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான், "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு சொல்ல நேர்ந்தது. கடைசியில் கர்த்தரும், என் தாசனாகிய யோபுவைப்போல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்கள்மேல்தான் கோபப்பட்டார். புலம்பிய யோபுவின்மேல் அல்ல. புலம்பலைப் பொறுத்துக்கொள்ளும் தேவனைப் பற்றி டிலனாய் பேசியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒரு தேவனைத்தான் நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று ஏற்றுக்கொண்டார். அவருடைய பிற்கால வாழ்வு சுகமாக அமையவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உன் மாடு திரும்ப வரும், வயல் விளையும் என்ற வாக்குறுதியை நம்பி வந்தவராக இருந்திருந்தால், அவர் அந்த மலைவரை நடந்திருக்க மாட்டார்.

ஆகவே என் ஆலோசனை இது: தேவன் கொடுக்காத வாக்குறுதியை அவருடைய பெயரால் நீங்கள் கொடுக்காதீர்கள். அந்த அக்கா குணமடைவார் என்ற உறுதி உங்களிடம் இல்லை. இல்லாததைச் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. அவர் கோபத்தோடு பேசினால், தேவனிடமே அந்தக் கோபத்தைக் காட்டினால், பதறாமல் கேளுங்கள். சங்கீதங்களில் கணிசமான பகுதி அப்படிப்பட்ட குரல்தான்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: பாறசாலைச் சகோதரி

இருவருக்கும் நன்றி. வெள்ளணுக்களைப் பற்றிய செய்தியை இன்று மாலையே சங்கத்தில் சொல்லிவிட்டேன். பலர் அதை அறிந்திருக்கவில்லை.

ஆயினும் ஒரு தயக்கம் எனக்கு மீதமிருக்கிறது. கேட்பதும், உணவு கொண்டுபோவதும், உண்மையான தகவலைச் சொல்வதும் அன்புள்ள எந்த அயலாரும் செய்யக்கூடியவை. எங்கள் பக்கத்து வீட்டிலுள்ள இந்துச் சகோதரி இவற்றையெல்லாம் அந்த அக்காவுக்கு ஏற்கெனவே செய்துவருகிறார். கிறிஸ்தவளாக நான் சொல்ல வேண்டியது என்று ஏதேனும் இருக்கிறதல்லவா? தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சத்தில் நம்பிக்கையைப் பற்றியே பேசாமல் இருந்துவிட்டால், அதுவும் ஒரு குறைதானே?


பதில்
எழுதியவர்: தூத்தூர்க் கரை

இயேசுவுக்கே புகழ்.

சகோதரியின் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேலே எழுதியவர்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அவற்றை வாசிக்கும் ஒருவர், பேசாமல் இருப்பதே பாதுகாப்பு என்று முடிவு செய்துவிடக்கூடாது. எங்கள் கரையில் அப்படி நடந்தது.

நாங்கள் தமிழ்நாட்டு எல்லைக்குள் வாழ்ந்தாலும் திருச்சபை நிர்வாகத்தில் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது எங்கள் ஆண்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அடுத்தடுத்த கரைகளில் எத்தனையோ வீடுகளுக்கு உடல்கூடத் திரும்பி வரவில்லை. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. என் அண்ணன் திரும்பவில்லை.

அந்த நாட்களில் மூன்று வகையான மனிதர்களைக் கண்டோம். "கடவுள் அவரைக் கரைசேர்ப்பார், எனக்குக் காட்சியில் தெரிந்தது" என்று சொன்னவர்கள் ஒரு வகை. அண்ணி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பல மாதங்கள் ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் ஓடினார். அது உடைந்தபோது அண்ணனை இரண்டாம் முறை இழந்ததைப்போல் இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் எங்கள் முற்றத்தை மிதிக்காமலே போனவர்கள் இரண்டாம் வகை. அவர்கள் நல்லவர்கள், இன்றும் எங்களுக்கு வேண்டியவர்கள். ஆனால் அந்த விலகலை அண்ணி, தன்னை எல்லாரும் அபசகுனமாக நினைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டார். தவறான வார்த்தை சொன்னவர்களை அவர் பிறகு மன்னித்துவிட்டார். வராதவர்களை மன்னிக்க அதைவிட அதிகக் காலம் எடுத்தது.

மூன்றாம் வகையில் எங்கள் உபதேசியார் ஒருவர். நிவாரண விண்ணப்பங்களை நிரப்பிக்கொடுக்க வருவார். காணாமற்போனவர் பெயர், படகின் பெயர், கடைசியாகப் பேசிய நாள் என்று ஒவ்வொன்றையும் கேட்டு எழுதுவார். எழுதிக்கொண்டிருக்கும்போதே, "தம்பி கோயில் திருவிழாவுக்குக் கொடிமரம் தூக்கும்போது அடிப்பக்கத்தில்தான் நிற்பான், பாரம் முழுவதும் அங்கேதான்" என்று எதையாவது நினைவுகூர்வார். அண்ணனைப் பற்றிய அந்த உண்மையான, சிறிய செய்திகளுக்காகவே அண்ணி அவரை எதிர்பார்த்திருந்தார். ஒரு நாள் அண்ணியே அவரிடம், உடல் இல்லாமல் கல்லறை இல்லை, கல்லறை இல்லாமல் எங்கே போய் மெழுகுதிரி ஏற்றுவேன் என்று கேட்டார். உபதேசியார் அதற்குப் பிரசங்கம் செய்யவில்லை. "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்று ஞாயிறுதோறும் சொல்கிறேன், அம்மா. கடல் தன்னிடமுள்ள இறந்தோரைத் திருப்பிக் கொடுக்கும் என்று திருவெளிப்பாட்டில் எழுதியிருக்கிறது. அதை நான் நம்புகிறேன். உன்னால் இன்று நம்ப முடியாவிட்டால், உனக்காகவும் சேர்த்து நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார்.

சகோதரி, நீங்கள் கேட்ட கிறிஸ்தவ வார்த்தை எனக்குத் தெரிந்தவரையில் இதுதான். அவர் 'நம்பு' என்று கட்டளையிடவில்லை. 'நான் நம்புகிறேன்' என்று சாட்சி சொன்னார். அதையும் அண்ணி கேட்ட பிறகே சொன்னார், முதல் நாளிலேயே அல்ல. அவர் சொன்ன நம்பிக்கை எந்தப் பரிசோதனை அறிக்கையையும், எந்தப் படகின் வருகையையும் சார்ந்ததாக இருக்கவில்லை. அதனால்தான் அது உடையவில்லை. லாசரை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவே முதலில் மார்த்தாளோடு பேசினார், மரியாளின் அழுகையைக் கண்டு தாமும் கண்ணீர் விட்டார். உயிர்த்தெழுதலும் ஜீவனும் நானே என்ற வார்த்தையும் அந்தக் கண்ணீரும் ஒரே கல்லறைக்குச் செல்லும் வழியில் நிகழ்ந்தவை. இரண்டில் எதையும் விட்டுவிட வேண்டியதில்லை.


பதில்
எழுதியவர்: வண்டிப்பெரியாறு இளைஞர் ஊழியர்

அக்கா, எல்லாரும் நோயாளியைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப்போன மகளைப் பற்றி நான் கேட்க விரும்புகிறேன். தாயின் வார்த்தையைச் சபைக்குக் கொண்டுவந்து சொன்னது அவள்தான். வர வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லும் தர்மசங்கடம் அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்திருக்கிறது. ஆர்.சி.சி.க்கு உடன் செல்வது யார்? பேருந்திலோ ரயிலிலோ தாயைத் தாங்கிக்கொண்டு போய், வரிசையில் நின்று, மலையாளத்தில் எழுதியுள்ள சீட்டுகளை வாசித்து விளக்குவது யார்? தகப்பனார் ஒரு நாள் பால்வெட்டை விட்டால் அன்றைய கூலி போய்விடும் என்பதால், பெரும்பாலும் அவளாகவே இருப்பாள் என்று நினைக்கிறேன்.

இங்கே தேயிலைத் தோட்ட லயங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளை நான் பார்க்கிறேன். எல்லாரும் அவர்களிடம், "அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்" என்று மட்டுமே சொல்கிறார்கள். ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது இன்னொரு சுமை. "நீ மருந்து நேரங்களை எழுதிவைத்துச் சரியாகக் கொடுப்பதை நான் கவனித்தேன்" என்று, அவள் உண்மையிலேயே செய்த ஒன்றைக் குறிப்பிட்டுச் சொன்னால் அவள் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். பர்னபாவின் வழி அதுவே. எருசலேமில் எல்லாரும் சவுலைக் கண்டு பயந்தபோது, அவனைக் கையோடு அழைத்துக்கொண்டுபோய், இவன் தமஸ்குவில் செய்தது இன்னது என்று அப்போஸ்தலர்களிடம் விவரித்தவர் அவர். பாதிவழியில் திரும்பிப்போன மாற்குவைப் பவுல் மறுத்தபோதும், அவனைச் சேர்த்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். பிற்காலத்தில் அதே பவுல், மாற்குவை அழைத்துவா, அவன் எனக்குப் பயனுள்ளவன் என்று எழுதினார்.

மேலும் ஒன்று. வாட்ஸ்அப்பில் பூப்படத்தின்மேல் எரேமியா 29:11ஐ அச்சிட்டு அனுப்புவதை அந்த வீட்டுக்கு வேண்டாம் என்று சங்கத்தாரிடம் சொல்லுங்கள். அருமையான வசனம்தான். ஆனால் எழுபது வருஷம் பாபிலோனில் காத்திருக்க வேண்டும் என்று அறிவித்த கடிதத்தின் நடுவில் வருவது அது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று அதே கடிதம் சிறையிருப்புக்காரருக்குச் சொல்கிறது. உடனடி விடுதலைக்கான சீட்டாக அதை அனுப்புவது வசனத்துக்கும் நியாயமல்ல, அக்காவுக்கும் நியாயமல்ல. மகளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தடுமாற்றம் இருந்தால், உங்கள் குரலிலேயே இரண்டு வரி பதிவு செய்து அனுப்புங்கள்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: பாறசாலைச் சகோதரி

அனைவரும் எழுதியதை இரண்டு மூன்று முறை வாசித்தேன். மகளே உடன் செல்கிறாள் என்பது உண்மை; அதனால் அவளுடைய வகுப்புகள் தவறிக்கொண்டிருக்கின்றன என்பதை இன்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அக்காவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்ப நினைக்கிறேன். அதை இங்கே எழுதுகிறேன், குறையிருந்தால் திருத்துங்கள்.

"அக்கா, நான்தான். ஆராதனை முடிந்து உங்களைப் பார்க்க வரட்டுமா? தனியாகத்தான் வருவேன். கஞ்சியும் பயறும் கொண்டுவருகிறேன். வாய்க்குப் பிடிக்காவிட்டால் என்ன பிடிக்கும் என்று சொல்லுங்கள். அன்று உடம்புக்கு முடியவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். ஆல்ட்டோ வரிசையில் உங்கள் இடத்தில் இன்னும் யாரும் நிற்கவில்லை. நீங்கள் இல்லாமல் இரண்டாவது சரணத்தில் எங்களுக்குச் சுருதி இறங்கிவிடுகிறது. நான் தினமும் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். உங்கள் முன்னால் ஜெபிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை நீங்கள் அன்று சொன்னால் போதும். ஏதாவது உதவி வேண்டுமானால் தயங்காமல் கேளுங்கள்."


பதில்
எழுதியவர்: நெய்யாற்றின்கரை நர்ஸ்

நன்றாக இருக்கிறது, சகோதரி. சுருதியைப் பற்றிய வரியை எடுத்துவிடாதீர்கள். அவர் இல்லாத குறை சபையில் தெரிகிறது என்பதை இதுவரை வேறு யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கடைசி வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள். உதவி வேண்டுமானால் கேளுங்கள் என்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் கேட்கவே மாட்டார்கள். கேட்க வேண்டிய பாரமும் அவர்கள்மேலேயே விழும். அடுத்த கீமோ எந்த நாள் என்று மகளிடம் விசாரித்துக்கொண்டு, "அன்று நான் உங்களோடு ஆர்.சி.சி.க்கு வருகிறேன், பிள்ளை கல்லூரிக்குப் போகட்டும்" என்று சொல்லுங்கள். உங்களால் எத்தனை முறை போக முடியும் என்று முதலில் வீட்டில் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். முடியாத முறைகளுக்குச் சங்கத்தில் இன்னும் இருவரைச் சேர்த்து, யார் எந்த நாள் என்று எழுதிவையுங்கள். அந்த இருவரில் ஒருவராக, அக்காவுக்குச் சம்மதமானால், உங்கள் பக்கத்து வீட்டுச் சகோதரியையும் கேட்டுப் பாருங்கள். மருத்துவமனைக்குச் செல்லும்போது பழைய சீட்டுகள் அனைத்தையும் ஒரே உறையில் போட்டு எடுத்துச்செல்லுங்கள். முகக்கவசம் இருவருக்கும் வேண்டும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.